மூன்றாவது பானையில் பூஜ்யம்

ரங்கூன் பசுந்தாங்கில் மாடிவீட்டுக்காரர்களைக் கூப்பிடத் தொண்டை வேண்டாம், கை போதும். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ காய்கறியோ வந்தால் கிளிப்பில் மாட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடி மெய்யம்மை ஆச்சியின் கயிற்றை இழுப்பவர்கள் இரண்டே வகை. கயிறு மாறி இழுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர்கள் ஒரு வகை. எதையாவது தொலைத்துவிட்டு வந்தவர்கள் இன்னொரு வகை.

அன்று காலை ஏழரைக்கு மணி அடித்தபோது ஆச்சி எட்டிப் பார்த்தார். கீழே பாசில் நின்றான். அவன் பக்கத்தில், கையில் குடையோடு ஒரு பெண்.

பாசில் டாக்சி ஓட்டுகிறவன். ஆனால் டாக்சி பாதி நாள் பெட்ரோல் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் அவன் ஆச்சியிடம் வந்து உதவியாளராக நிற்பான். நாற்பது வயது, வாய் நிறைய வெற்றிலை, வெற்றிலைக்கு நடுவே எப்படியோ இடம் பிடித்துக்கொள்ளும் கிண்டல். அந்த வீட்டில் நாளொன்றுக்குப் பேசப்படும் பேச்சில் முக்கால் பங்கு அவனுடையது. மீதிக் கால் பங்கு ரேடியோவினுடையது.

ஆச்சிக்கு ஐம்பத்து நான்கு. அண்ணன் குடும்பம் காரைக்குடிக்குத் திரும்பிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர்கள் விட்டுப்போன பழைய பத்திரங்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில், தேடுவது என்ற வித்தை அவருக்குக் கைவந்தது. பிறகு அடுத்தவர் பத்திரம், அடுத்தவர் உறவு, ஓடிப்போன மாப்பிள்ளை என்று வேலை தானாக வளர்ந்தது. ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் கண்டுபிடித்துக் கொடுப்பார். சாயங்காலம் வீடு திரும்பினால், வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் அவருக்கு ஆள் கிடையாது.

வந்தவளுக்கு நாற்பத்தெட்டு, ஐம்பது இருக்கும். பெயர் ஜெயம்மா. த்வாண்டே கால்வாய்க்கு அப்பால் ஒரு நெல்வயல் ஊரிலிருந்து விடிகாலையில் கிளம்பிப் படகேறி வந்திருந்தாள்.

"என்ன தொலைஞ்சுபோச்சு?" என்றார் ஆச்சி.

"ஒரு கொட்டைப்பாக்கு."

"ஆச்சி, கீழ வெத்தலைக் கடையில நாலு வாங்கிட்டு வந்துர்றேன்" என்று பாசில் எழுந்தான். "கேஸ் முடிஞ்சுது. டாக்சிக்காவது வரிசை நகருதான்னு பாக்கலாம்."

"உக்காரு" என்றார் ஆச்சி. "நீங்க சொல்லுங்க ஜெயம்மா."

ஜெயம்மா சொன்னாள். அவள் ஊருக்கு அரசாங்க மின்கம்பி வரவில்லை. ஊராரே சேர்ந்து சூரியத் தகடு வைத்து, பாட்டரி அறை கட்டி, வீடு வீடாகக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அதன் பெயர் மின் கூட்டுறவுச் சங்கம். ஊர்வாயில் மீ சங்கம். மீ என்றால் பர்மியப் பேச்சில் விளக்கும் அதுதான், மின்சாரமும் அதுதான். வீட்டுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு ஓட்டு, மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு வீடுகள். நிர்வாகக் குழுவில் ஏழு பேர். அதில் ஒரு இடம் காலியானதும் போன ஞாயிற்றுக்கிழமை தேர்தல் வைத்தார்கள்.

"நின்னவங்க மூணு பேர். பலசரக்குக் கடை வடிவேல், கம்பம் ஏறுற கோ மின் தூ, அப்புறம் நான்."

"நீங்க ஏன் நின்னீங்க?"

"எங்க வீடு கடைசிக் கம்பத்துல இருக்கு ஆச்சி. அங்க ஒம்பது வீடு. ஊரெல்லாம் சுத்திட்டு எங்ககிட்ட வர்றப்போ மீ களைச்சுப்போயிருது. ஃபேன் சுத்துறது கண்ணுக்குத் தெரியும், காத்து தெரியாது. பாட்டரி அறையை ஊர் நடுவுக்கு மாத்துங்கன்னு மூணு வருஷமாக் கேக்குறேன். குழுவுக்குள்ள போனாத்தான் கேக்க முடியும்னாங்க. சரின்னு நின்னேன்."

"எத்தனை விழுந்துச்சு?"

"வடிவேலுக்குத் தொண்ணூத்தேழு. மின் தூவுக்கு நாப்பத்தஞ்சு. எனக்கு சைபர்."

பாசில் மெல்லுவதை நிறுத்தினான். தொண்ணூற்றேழும் நாற்பத்தைந்தும் கூட்டினால் நூற்று நாற்பத்திரண்டு என்று அவன் விரல்கள் கணக்குப் போட்டு முடித்தன.

"கடைசிக் கம்பத்து வீடுங்க?" என்றார் ஆச்சி.

"மீ போச்சுன்னா ஏறிப் பாக்குறது மின் தூ. சாமான் வாங்குறது வடிவேல் கடையில. அவங்களைப் பகைச்சுக்க முடியுமா? நான் யாரு? ரங்கூன்ல பொறந்து அங்க வாழ்க்கைப்பட்டுப் போனவ. இருபத்தாறு வருஷம் ஆயிருச்சு, இன்னமும் ரங்கூன்காரின்னுதான் பேரு. அவர் இருந்தவரைக்கும் அவரைப் பாக்க நாலு பேரு வருவாங்க. அவர் போய் மூணு வருஷம். வாசல்ல போட்ட நாற்காலியை உள்ள எடுத்து வெச்சுட்டேன்."

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆச்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க ஓட்டை யாருக்குப் போட்டீங்க?"

"எனக்குத்தான்" என்றாள் ஜெயம்மா, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "அதான் ஆச்சி கேக்குறேன். நான் போட்டது எங்க போச்சு?"

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிப் போட்டாங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஊரில் சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, சிலருக்குப் பர்மிய எழுத்துத் தெரியாது, சிலருக்கு இரண்டுமே தெரியாது. அதனால் சீட்டு இல்லை. மண்டபத்தில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் த்வாண்டே மண்பானைகள் மூன்று, குறுகிய கழுத்துள்ளவை, ஒவ்வொன்றிலும் ஒருவருடைய புகைப்படம் ஒட்டியிருக்கும். உறுப்பினருக்கு ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு. உள்ளே தனியாகப் போய், பிடித்தவர் பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். போட்டியில் நிற்பவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது, எல்லோரும் போட்ட பிறகு கடைசியில்தான் போக வேண்டும்.

"கொட்டை விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

ஜெயம்மா யோசித்தாள். "சத்தமே இல்லீங்க. மெத்துன்னு போச்சு."

"எண்ணினது யாரு?"

"ஊர்க்காரங்க எண்ணுனா சண்டை வரும்னு வெளியாளு வெச்சாங்க. இன்சீன் சுப்பிரமணியம் ஐயா. ரயில்வே பட்டறையில கரன்ட் வேலை பாத்து ரிட்டையரானவரு. எங்க கம்பியெல்லாம் அவருதான் வந்து சரி பாப்பாரு. எண்ணுறதுக்கு முன்னாடி அவரு மட்டும் திரைக்குள்ள போயி ஒவ்வொரு பானையா எடுத்துட்டு வந்து முறத்துல கவுத்தாரு. என் பானையைக் கவுத்தப்போ..." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒன்றுமில்லை.

"பதவி உங்களுக்கு வேணுமா? மறுபடி தேர்தல் வைக்கச் சொல்லலாம்."

"வேணாம் ஆச்சி. தொண்ணூத்தேழு எங்க, நான் எங்க. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த ஊர்ல ஒரு ஆளாவது என்னை நெனச்சாங்களா? இல்லேன்னா நாளைக்கு மண்டலே பஸ் ஏறிருவேன். தங்கச்சி வரச்சொல்லிக்கிட்டே இருக்கா. பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன். வீட்டை வடிவேல் கேக்குறாரு, சாவியைக் குடுத்துட்டுப் போயிருவேன். ஒரு ஆள் போட்டிருந்தாலும் சரி, இருந்துருவேன்."

சாயங்காலம் ஐந்து மணிப் படகில் அவள் திரும்ப வேண்டும். அதுவரை கோயிலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும் செருப்புச் சத்தம் அடங்கும்வரை ஆச்சி கதவைச் சாத்தவில்லை.

"மண்பானை கண்டிருக்கியா பாசில்?"

"கண்டிருக்கேன். எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. பேரு மாமியார்."

"காலிப் பானையில ஒரு கொட்டைப்பாக்கைப் போட்டா எப்படி இருக்கும்?"

"டங்குனு அடிக்கும்."

"அவங்களுக்கு மெத்துன்னு விழுந்திருக்கு. அப்படின்னா?"

பாசிலின் கண் பெரிதானது. "பானை அடியில ஏற்கெனவே கொட்டை மெத்தை போட்டிருந்துச்சு! நிறையப் பேரு போட்டிருக்காங்க!"

"ஆனா கவுத்தப்போ காலி. மொத்தக் கணக்கும் குறையலே, நூத்து நாப்பத்திரண்டு அப்படியே இருக்கு. அப்போ எதுவும் வெளிய போகலே. ஒரு பானையிலேருந்து இன்னொரு பானைக்குப் போயிருக்கு. எல்லாரும் போட்டு முடிச்ச பிறகு திரைக்குப் பின்னால தனியாப் போனது ஒரே ஆளு."

"வடிவேலு வீட்டைக் கேக்குறாரு, இன்சீன்காரரு கொட்டையை மாத்துறாரு. ரெண்டும் ஒரே வெத்தலையில மடிச்ச மாதிரி இருக்கே." பாசில் லுங்கியை இறுக்கிக் கட்டினான். "வாங்க ஆச்சி. டாக்சிதான் நிக்குது, ரயில் ஓடுதுல்ல."

சுற்று ரயில் ரங்கூனைச் சுற்றி வருவதில் அவசரம் காட்டுவதே இல்லை. கீரைக்கட்டும் வாழைத்தாரும் ஏறி இறங்க நேரம் கொடுத்துத்தான் நகரும். ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர்ப் பலகையில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்து, சுளைகளைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டே வந்தாள். ஆச்சியிடமும் நீட்டினாள். ஆச்சி வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஏன் வேண்டாமென்றோம் என்று மூன்று ஸ்டேஷன் யோசித்தார். வேண்டும் போலத்தான் இருந்தது. வாங்கிக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"ஆச்சி, ஒரு சந்தேகம்" என்றான் பாசில். "திருடறவன் ஒண்ணு ரெண்டு விட்டு வெச்சுத்தானே திருடுவான்? சுத்தமாத் தொடச்சு எடுத்தா மாட்டிக்குவோம்னு தெரியாதா? நான்னா நாலு கொட்டை விட்டிருப்பேன். ஒரு மரியாதைக்கு."

ஆச்சி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி இன்சீன் வரும்வரை அவர் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

சுப்பிரமணியம் பழைய பட்டறைக் குடியிருப்பில், கழற்றிப் போட்ட மின்விசிறிகளுக்கு நடுவே முக்காலியில் இருந்தார். எழுபது வயது. முப்பது வருஷப் பட்டறை இரைச்சலில் காது பாதி போய்விட்டது.

"ஐயா, ஓட்டு எண்ணினீங்கள்ல, அதைப் பத்திப் பேச வந்தோம்" என்றார் ஆச்சி.

"ரோட்டுல தண்ணியா? அது எப்பவும் நிக்கும்."

"ஓட்டு!" என்று பாசில் கத்தினான். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. "ஆச்சி, இவரை ரகசியமா விசாரிக்கணும்னா நாம ஊரை விட்டு வெளிய போகணும்."

ஆச்சி முக்காலி அருகே குனிந்து, அவர் காதோரம் நிதானமாகச் சொன்னார். "ஜெயம்மா பானையை வெளிய கொண்டுவர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க ஐயா?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது. பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் இந்த இடத்தில் கோபப்பட்டிருப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"அந்தம்மா ரொம்ப மனசு ஒடஞ்சுட்டாங்களா?"

"எத்தனை கொட்டையை எடுத்தீங்க?"

"எத்தனையா? ஒண்ணு."

"ஒண்ணா?" பாசில் மெல்லுவதை மறந்தான்.

"ஒண்ணே ஒண்ணு. முருகன் மேல சத்தியம். பானையைத் தூக்குனேன், கனமே இல்லை. ஆட்டுனா ஒரு கொட்டை மட்டும் உருளுது. கையில கொட்டிப் பாத்தேன். எனக்கு அப்படியே கை கூசிப்போச்சும்மா." அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. அந்த ஒண்ணு யாரு போட்டதா இருக்கும்? அவங்களே போட்டது. 'ஜெயம்மாவுக்கு ஒண்ணு'ன்னு நான் சத்தமாப் படிச்சா ஊரே சிரிக்கும். தனக்குத் தானே போட்டுக்கிட்டா, வேற ஒருத்தரும் போடலேன்னு வாய்க்கால் கரை பூராப் பேசுவாங்க. சைபர்னா அப்படி இல்ல. பெருந்தன்மையா தன் ஓட்டை அடுத்தவருக்குப் போட்டுட்டாங்கன்னு ஆயிரும். எனக்கு ஆனாடே ஆயிருச்சு."

ஆனாடே. அடுத்தவர் முகம் வாடிவிடுமோ என்று அவருக்கு முந்தி நாமே வாடுவதற்கு பர்மியப் பேச்சில் வழங்கும் பெயர். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவார்கள். ஒரு மனுஷியின் ஒரே ஓட்டை, அவள் நன்மைக்கென்றே, எடுத்து மாற்றியும் விடுவார்கள்.

"எந்தப் பானையில போட்டீங்க?"

"மின் தூ பானையில. ஜெயிக்கிறவர் பானையில போட்டா அது திருட்டு. தோக்கிறவருக்குப் போட்டா யாருக்கு என்ன வந்துச்சு? ஒண்ணும் மாறலே."

சொல்லிவிட்டு அவர் ஆச்சியின் முகத்தையே பார்த்தார். நான் செய்தது தப்பா என்று கேட்கும் பார்வை. ஆச்சி பதில் சொல்லவில்லை. அவருக்கும் கொஞ்சம் ஆனாடே ஆகிவிட்டது.

வெளியே வந்து இன்சீன் சந்தைவரை இருவரும் நடந்தார்கள்.

"ஆக, ஒரு ஓட்டு" என்றான் பாசில். "அதுவும் அவங்க போட்டதே. காலையில நான் சொன்ன கொட்டை மெத்தை எல்லாம் கனவு. இதை அவங்ககிட்டப் போயி எப்படி ஆச்சி சொல்றது? நான் வேணா ஒரு பொய் சொல்லட்டா? நல்லாச் சொல்லுவேன். டாக்சிக்காரன்."

ஆச்சிக்கும் அதேதான் மனதில் ஓடியது. ஒரு பொய் சொன்னால் ஒரு பெண் தன் வீட்டில் இருப்பாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு பஸ் ஏறுவாள். கட்டி வைத்த பைகளும் உள்ளே எடுத்து வைத்த நாற்காலியும் கண்முன் வந்தன. யாரும் நினைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு ஒரு வீட்டைப் பூட்டுவது எப்படியிருக்கும் என்று ஆச்சிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் இன்னும் பூட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தை முனையில் ஒரு பானைக்கடை. வைக்கோல் மேல் அடுக்கி வைத்த த்வாண்டே பானைகள். ஆச்சி நின்றார்.

"பாசில், அந்தக் குறுகின கழுத்துப் பானையை எடு. பக்கத்துக் கடையில அஞ்சு கொட்டைப்பாக்கு வாங்கு."

"கேஸ் முடிஞ்சதும் சட்டிபானை வாங்குறோமா? தனிக்குடித்தனமா?"

"போடு."

பாசில் ஒரு கொட்டைப்பாக்கை உள்ளே விட்டான். டங்! உருண்டு ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. பானைக்காரி, உடைத்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று பர்மியத்தில் எச்சரித்தாள்.

"அது உள்ளயே கிடக்கட்டும். இன்னொண்ணு போடு. மெதுவா."

டங்! முதல் கொட்டையைத் தொடவேயில்லை, நேராக மண்ணில் அடித்தது. மறுபடி போட்டான், கைவிரலைக் கழுத்துக்குள் விட்டுப் போட்டான், கண்ணை மூடிக்கொண்டு போட்டான். ஐந்து போட்டும் ஐந்தும் சத்தம் போட்டன.

"அப்போ மெத்துன்னு விழ வழியே இல்ல" என்றான் பாசில். "கிழவர் பொய் சொல்றாரு! நிறைய இருந்திருக்கு, அள்ளியிருக்காரு!"

"அள்ளினவரு ஒண்ணுன்னு ஏன் ஒத்துக்கணும்? ஒண்ணுமே இல்லேன்னு சொல்லியிருந்தா நாம என்ன செஞ்சிருப்போம்? நீ ரயில்ல சொன்னியே, திருடறவன் தொடச்சு எடுக்க மாட்டான்னு. அவரு திருடலே. உண்மையைத்தான் சொன்னாரு."

"அவரும் உண்மை, ஜெயம்மாவும் உண்மைன்னா, பானைதான் பொய் சொல்லுது."

"பானையையும் சேத்து மூணு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க" என்ற ஆச்சி திடீரென்று வேகமாக நடந்தார். "பானையை வெச்சுட்டு வா. படகு அஞ்சு மணிக்கு."

பன்சொடான் துறையில் கூட்டம் கம்பிக் கதவுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது. ஜெயம்மா ஓரமாக ஒரு தூணருகே, குடையை நெஞ்சோடு பிடித்தபடி தனியாக நின்றாள். படகுக்குக் கால் மணி இருந்தது. அவள் ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள், பாசில் முகத்தைப் பார்த்தாள். பாசில் முகம் எப்போதும் எல்லாவற்றையும் உளறிவிடும்.

"பரவாயில்ல ஆச்சி" என்றாள் முந்திக்கொண்டு. "இவ்ளோ தூரம் அலைஞ்சீங்களே, அதுவே பெரிசு."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலே. நீங்கதான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்க கொட்டையை எந்தப் பானையில போட்டீங்க?"

"காலையிலேயே சொன்னேனே..."

"காலி மாதிரி இருந்த பானை உங்களுது. அதுல போட்டிருந்தா டங்குன்னு கேட்டிருக்கும். நாங்க இன்சீன்ல பானை வெச்சுப் போட்டுப் பாத்தோம். உங்களுக்கு மெத்துன்னு விழுந்திருக்கு. நிறைஞ்ச பானையிலதான் அப்படி விழும்."

ஜெயம்மா குடையின் பிடியைத் திருகினாள். கூட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"வடிவேல் பானையில" என்றாள். அந்த இரைச்சலில் அது கேட்டதே ஆச்சரியம்.

"ஏன்?"

"உள்ள போயி என் பானை முன்னாடிதான் நின்னேன் ஆச்சி. கையும் நீட்டினேன். என் போட்டோ என்னையே பாத்துச்சு. எனக்கு நானே போட்டுக்கறது, கல்யாண வீட்டுல யாரும் கவனிக்கலேன்னு நாமளே வாளியை எடுத்து நம்ம எலையில பரிமாறிக்கிற மாதிரி இருந்துச்சு. வெக்கமாப் போச்சு. பக்கத்துப் பானையில போட்டுட்டு வெளிய வந்துட்டேன்."

"எங்ககிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னோடது திருடு போச்சுன்னு சொன்னா ஆளுங்க வருவாங்க. எனக்கு ஏன் ஒருத்தருமே போடலேன்னு கண்டுபிடிங்கன்னா யாரு ரயிலேறுவாங்க? நீங்க ஏறியிருப்பீங்களா?"

ஏறியிருப்போமா என்று ஆச்சி நேர்மையாக யோசித்தார். தெரியவில்லை. இனிமேல் ஏறுவோம் என்று மட்டும் தெரிந்தது.

"இப்ப நான் சொல்றேன், கேளுங்க. மூணாவது பானையில, உங்க பானையில, ஒரு கொட்டை இருந்துச்சு."

ஜெயம்மாவுக்குப் புரியவில்லை.

"சுப்பிரமணியம் ஐயா அதைப் பாத்தாரு. நீங்களே போட்டுக்கிட்டதுன்னு நெனச்சாரு. ஊர் சிரிக்கும், உங்களுக்கு அவமானமாப் போகும்னு, அதை எடுத்து மின் தூ பானையில போட்டுட்டாரு. அவருக்கு ஆனாடே."

"ஆனா... அது என்னுது இல்லியே."

"அதான் ஜெயம்மா. அது உங்களுது இல்ல."

கம்பிக் கதவைத் திறக்கிறவர் சாவிக்கொத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். ஜெயம்மா தூணில் கை வைத்தாள். அவள் உதடு எதையோ எண்ணுவதுபோல் அசைந்தது.

"யாரு ஆச்சி?"

"தெரியலே."

"எங்க எதிர்வீட்டு மா கின் அன்னிக்கு என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் கோவம்னு நெனச்சேன். இல்லேன்னா பள்ளிக்கூட டீச்சரு... அவங்க பையன் காய்ச்சல்ல கெடந்தப்ப நான் ஒரு தடவை..." அவள் நிறுத்தினாள். அடுத்து வந்த நினைப்பில் அவளுக்கே சிரிப்பு முட்டியது. "வடிவேலும் எனக்கு முன்னாடி தனியாத்தான் உள்ள போனாரு. அவருக்கும் வெக்கமா இருந்திருந்தா? அவரு எந்தப் பானையில போட்டாரோ!"

"போட்டிருக்கலாம்" என்றான் பாசில். "உங்க ஊர்ல ஜெயிச்சவரு உங்களுக்குப் போட்டு, நீங்க ஜெயிச்சவருக்குப் போட்டு... தேர்தலா இது? மொய்யி!"

ஜெயம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பார்க்கிறவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கதவு திறந்து கூட்டம் நகர ஆரம்பித்தது. கூட்டத்தில் அவள் ஊர்க்காரி ஒருத்தி, தலையில் கூடையோடு முன்னால் போனாள். ஜெயம்மா அந்த முதுகையே பார்த்தாள்.

"அப்போ ஒருத்தரையும் விடாமப் பாத்துச் சிரிக்கணுமே ஆச்சி" என்றாள் திகைப்பாக. "எவங்கன்னு தெரியாதுல்ல."

"ஆமா. வேற வழி இல்ல."

"பையை வேற கட்டி வெச்சுட்டேன். போய் அவுக்கணும்."

அவள் இரண்டே எட்டில் கூடைக்காரியைப் பிடித்துவிட்டாள். என்ன சொன்னாளோ, கூடைக்காரி ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையின் ஒரு காதை ஜெயம்மா பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து பலகையில் ஏறினார்கள். படகு கரையை விட்டு விலகியபோது மேல்தட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"ஆச்சி" என்றான் பாசில். "அந்த ஒரு ஆளு யாருன்னு அரை நாள்ல கண்டுபிடிச்சிருவீங்க. எனக்குத் தெரியும். ஏன் தெரியலேன்னீங்க?"

"கண்டுபிடிச்சா அவங்களுக்கு அந்த ஊர்ல ஒரு ஆளு. கண்டுபிடிக்காத வரைக்கும் நூத்து நாப்பத்தோரு பேரு."

பாசில் அதை வெற்றிலையோடு சேர்த்து மென்றான். ஆறு பழுப்பாக, அகலமாகக் கிடந்தது. படகு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆச்சி இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, உங்க கட்டடத்துல ஒரு தேர்தல் வெச்சா, நான் உங்களுக்குத்தான் போடுவேன்."

"நீ அங்க குடியிருக்கலியேப்பா."

"அதான் ஆச்சி கவலை" என்றான் பாசில். முதல் தடவையாக அவன் கிண்டல் செய்யவில்லை.

ஆச்சி அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அவன் டாக்சி வரிசையைப் பார்க்கப் போனான். ஆச்சி பசுந்தாங் பஸ்ஸுக்குப் போய்த் தனியாக நின்றார்.